முன்னால் விழுந்த கோடு

விரஜ்லாலைப் போட்டோக்காரர் என்றால் கோபம் வரும். கலைஞர் என்று சொல்லவேண்டும். அகமதாபாத் சந்தில், மாமியார் வீட்டு மொட்டைமாடியில் விளக்கைச் சுற்றி வட்டமாகக் கர்பா ஆட்டம் நடந்தது. நல்ல கோணம் வேண்டுமென்று அவர் சந்துக்கு எதிர்ப்புற மாடியில் நின்றார்.

"ஷட்டரை மெதுவா விட்டு, கடைசியில ஃபிளாஷ் அடிக்கணும். ஆள் தெளிவா விழும். வந்த வழி கோடா பின்னால நிக்கும்."

"ஆரம்பிச்சிட்டாரு," என்றான் கூட வந்த மச்சினன் பரிமல்.

எடுத்த படத்தில் எல்லோருக்கும் கோடு பின்னால் இருந்தது. அவர் மனைவி ஹன்சாவுக்கு மட்டும் முன்னால். அது வட்டத்தை விட்டு விலகி, ரிப்பேருக்காகச் சந்துப் பக்கக் கைப்பிடிச்சுவரை இடித்திருந்த ஓரம்வரை போயிற்று.

"ஃபிளாஷை முதல்லயே அடிச்சிட்டீங்களா, அத்தான்?"

"யாருகிட்டடா கேக்குற?"

மறுபடி எடுத்தார். ஹன்சா வட்டத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தாள். இம்முறை கோடு ஓரத்தைத் தாண்டிக் கீழே வளைந்திருந்தது.

அவர் "ஹன்சா! அங்கேயே இரு!" என்று கையை ஆட்டிக் கத்தினார்.

மேளச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கை ஆடுவது மட்டும் தெரிந்தது. அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி வட்டத்தை விட்டு விலகி அவர் பக்கமாக நடந்தாள்.

"என்னங்க, கூப்பிட்டீங்களா?"