ஒரு வாக்கு

மேலவைக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள் நடந்த தேர்தலில், முதல் சுற்றில் யாருக்கும் பாதி வாக்கு கிடைக்கவில்லை. முன்னணியில் இருந்த பரஞ்சோதியும் செல்வமேரியும் மறுபடி மோதினார்கள். மேடைக்கு மேடை ஒருவரையொருவர் கிழித்தார்கள். கடைசியில் செல்வமேரி ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தார்.

“கள்ள ஓட்டு! திரும்ப எண்ணணும் அண்ணாச்சி!” பரஞ்சோதியின் ஆட்கள் நாற்காலிகளைத் தூக்கினார்கள்.

பரஞ்சோதி மேசைமேல் ஏறினார். “கீழ வைங்கலே. எல்லாம் நல்ல ஓட்டுதான்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் மேசையிலிருந்து இறங்கினார். காலையில் ஓட்டுப் போட முத்திரையோடு மறைப்புக்குள் நின்றபோது, உப்பளத்துப் பெண்களின் கால் புண்களைப் பற்றி முந்தின நாள் செல்வமேரி பேசியது காதுக்குள் கேட்டது. இத்தனை வருடமாகத் தனக்குச் சொல்ல வராத பேச்சு அது. தன் பெயரின்மேல் நின்ற கை ஒரு வரி கீழே இறங்கியது.

தனக்கென வாங்கிவந்த மாலையை அவர் செல்வமேரியின் கழுத்தில் போட்டார்.

“தோத்துட்டு என்ன அண்ணாச்சி இப்படிச் சிரிக்கிய?” என்றான் அவர் ஆட்களில் ஒருவன்.

வெளியே மேளம் தொடங்கியிருந்தது. பரஞ்சோதி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல், முதல் ஆளாக ஆட ஆரம்பித்தார்.