பூரி குடிக்காத பால்

கிண்ணத்தை அவள் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் தள்ளி வைத்தாள்.

பூரி முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காய்ச்சி ஆறவைத்த பால். ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போட்டிருந்தாள். சர்க்கரை போட்டால் கிண்ணம் தரையெல்லாம் உருள உருள நக்கும் நாய் அது.

"குடிடி. என் தங்கமில்ல. ஒரே ஒரு வாய்."

பூரி துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் போய்ப் படுத்தது. சங்கிலி அதன் பின்னால் தரையில் இழுபட்டது.

வெயிலாக இருக்கலாம். நேற்று அடித்த வெயில் அப்படி. கோழி எலும்பு தொண்டையில் சிக்கியிருக்கலாம்.

இருக்கலாம், இருக்கலாம் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். 

பக்கத்து வீட்டுத் துளசிமணியின் மகளைப் பூரி கடித்து இன்றோடு மூன்று நாள்.

வர்ணிகாவுக்கு ஆறு வயது. விளையாட்டு மும்முரத்தில் வாலை மிதித்துவிட்டாள். கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கிவிட்டது.

ரத்தம் வழியப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே துளசிமணி திரும்பிக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, இதுக்கு ஊசி போட்டிருக்குதுங்களா?"

"போட்டாச்சு."

யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

போடவில்லை.

மாசியில் பள்ளிக்கூட மைதானத்தில் வெறிநாய் ஊசி முகாம் நடந்தது. போனாள். வரிசையிலும் நின்றாள். முன்னால் நின்ற நாய் ஊசி குத்தியதும் வீறிட்டது. பூரி அவள் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது. பாவமாக இருந்தது. அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். வரும் வழியில் பூரிக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள்.

வாரம் தவறாமல் குளிப்பாட்டுவாள். காது மடலைப் புரட்டி உண்ணி எடுப்பாள். தெருவில் அவிழ்த்து விட்டதே இல்லை. கழுத்துப் பட்டைக்கு நாலு கடை ஏறி இறங்கினாள், கழுத்து உரசக் கூடாதே என்று.

அந்த ஒன்றைத்தான் விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு முதல் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அடுத்த ஊசிக்கு வரச் சொன்னார்கள். நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொன்னார்கள்.

அதனால் துளசிமணி தினமும் காலையில் வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். இரண்டு நாளும் கிண்ணம் காலி. இரண்டு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் எழுந்து நின்றாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்து துளசிமணி சிரித்த சிரிப்பில் அது உள்ளேயே போய்விட்டது.

இன்று விடிந்ததும் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். உயிரோடு இருக்கும் நாயைச் சோதித்து வெறி பிடித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்.

பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

வாசலில் செருப்புச் சத்தம்.

அவள் கிண்ணத்தை இழுத்தாள். பாலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். காலிக் கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்தாள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

துளசிமணி தோளில் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். பிள்ளையை ஒரு கையில் பிடித்திருந்தாள்.

"குடிச்சுருச்சுங்களா? அட, வழிச்சு நக்கி வெச்சிருக்குது பாரு. எம்புள்ளைக்கு ஒரு டம்ளர் பால் உள்ள போறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருது."

"நானும் பூரியாட்ட நக்கிக் குடிக்கட்டா?" என்றாள் வர்ணிகா.

"வாய மூடு கழுதை."

துளசிமணி போனை எடுத்தாள்.

"ஊசிக்குன்னு இன்னைக்கு லீவு கேட்டிருந்தனுங்க்கா. கம்பெனில சரக்குப் போகுதாம், சூப்பர்வைசரு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறாரு. இனி எதுக்குங்க? ஊசி போட்ட நாயி. நல்லாத் தின்னுட்டுக் குடிச்சுட்டு இருக்குது. வேலைக்கே வர்றேன்னு சொல்லிர்றேன். உங்களாட்ட ஆருங்க நாய் வளக்கறாங்க?"

எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது.

அவள் தன் அடுப்படிக்குப் போனாள். 

மேடையில் மிச்சப் பால் இருந்தது. பாத்திரத்தோடு கொண்டுவந்தாள். கிண்ணம் வழிய ஊற்றினாள். குச்சியால் பூரியின் பக்கம் நகர்த்திவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பூரி எழுந்தது. வந்தது. பாலில் மூக்கை வைத்தது. தொண்டை ஏறி இறங்கியது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது.

திரும்பக் கல்லுக்கு அடியிலேயே போய்விட்டது.

துளசிமணி கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு சாக்கடையைப் பார்த்தாள். அதன் விளிம்பில் வெள்ளையாகக் கொஞ்சம் தேங்கி நின்றது.

"அக்கா."

குரல் இறங்கிவிட்டது.

"ஊசி போட்ட நாய்தானுங்களே?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"சொல்லு துளசிமணி," என்றது போன். "வர்றியா, இல்லியா? அலோ? லைன்ல இருக்கறியா?"



துளசிமணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

வர்ணிகா திமிறினாள். மருந்து பூசிய காலை உதைத்தாள். கல்லுக்கு அடியில் கிடந்த பூரியை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"நான் ஊட்டுனா குடிச்சுரும். என்னைய உடும்மா."