உரிமையாளர் நேரில் வரவேண்டும்

நாற்பத்தேழாம் எண்ணை மூன்று முறை கூப்பிட்டாகிவிட்டது. வண்டி வந்து நின்றது. சொந்தக்காரி இறங்கவில்லை.

அவளுக்குப் பதிலாக அவள் கணவர்தான் மேசை முன்னால் நின்றார். வீடு வீடாகப் போய்ச் சலவைக்குத் துணி எடுப்பவர். வண்டியை விட்டிறங்கி, விடிந்ததிலிருந்து மனு கொடுக்கும் வரிசையில் நின்றதில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் இருந்த அதிகாரியம்மாவிடம் அரசாங்கத்தின் முத்திரை. மற்றதில் இருந்தவனிடம் பேட்டரி வண்டி செய்யும் கம்பெனியின் கேமரா. பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய பேட்டரி வண்டி வாங்க இரண்டும் வேண்டும். இன்று கடைசி நாள்.

"வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க சாவியோட நம்பர் பிளேட் பக்கத்துல நிக்கணும். படம் எடுக்கணும்," என்றான் கம்பெனிக்காரன். "வரலேன்னா மனு ரத்து."

"ரெண்டடி நடந்தா மூச்சு முட்டுது சார் அவளுக்கு."

"மகாராணிக்குப் பல்லக்கு அனுப்புங்கப்பா!" என்றார் அடுத்த வண்டிக்காரர். வரிசை சிரித்தது. சிரித்து முடித்ததும் இருமியது.

எஞ்சின் சூடாக இருந்தால்தான் புகைச் சோதனை சரியாக வரும். வரிசையில் யாரும் வண்டியை அணைக்கக் கூடாது என்று கம்பெனி அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதன் கீழே அரசாங்கம் முத்திரை குத்தியிருந்தது. அறுபது டீசல் வண்டிகள் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தன.

"பின்னாடி உக்காந்து துணி பிரிக்கிறவ மேடம் அவ. பதினாறு வருஷமா. புகை பூரா உள்ளதான் வரும். ஒண்ணு வண்டியை மாத்து, இல்ல பொண்டாட்டியை வீட்ல உக்கார வைன்னுட்டார் டாக்டர்." அவர் லேசாகச் சிரித்தார். "வீட்ல உக்கார்ற ஆளா? வண்டியில வந்தாத்தானே நாலு தெருவுலயும் சண்டை போட முடியும்?"

அதிகாரியம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. "இப்ப எப்படி இருக்காங்க?"

"பொண்ணு கூட இருக்கா. இப்பதான் போன் பண்ணேன். இருமல் நின்னுடுச்சுப்பான்னா. கொஞ்சம் தூங்கட்டும்னு பார்க்கறேன்."

கம்பெனிக்காரன் அதிகாரியம்மாவின் காதோரம் குனிந்தான். "நம்பாதீங்க மேடம். போன வாரம் ஒருத்தன் மாமியாரை உக்கார வச்சு, பொண்டாட்டின்னு சொன்னான். இதுவும் அந்தக் கதைதான்."

அதிகாரியம்மா கேமராவை வாங்கி, மனுவையும் எடுத்துக்கொண்டார். "நானே போய்ப் பார்க்கறேன். நீங்க இங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க," என்றார் கணவரிடம்.

வண்டியின் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஓட்டுபவர் இருக்கையில் ஒரு பெண், இருபது வயதிருக்கும். அவள் தோளில் தலைசாய்த்து இன்னொருத்தி. போர்வை நெற்றியையும் தாண்டி முகத்தை மறைத்திருந்தது.

தட்டியதும் கண்ணாடி நாலு விரல் அகலம் இறங்கியது.

"படம் எடுக்கணும்மா. எழுப்பு."

"அம்மாவுக்குப் பதிலா நான் நிக்கட்டுமா மேடம்? பார்க்க ஒரே மாதிரிதான் இருப்போம்."

"வண்டி உன் பேர்லயா இருக்கு?"

பெண் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். அதிகாரியம்மாவின் குரல் இறுகியது. "போர்வையை எடு."

"வேண்டாம் மேடம். கெஞ்சிக் கேக்கறேன்."

"ஆள் மாறாட்டம்னா உங்கப்பா மேலதான் கேஸ் வரும். தெரியுமில்ல?"

பெண் மேசைப் பக்கம் பார்த்தாள். பேனாவும் கையுமாக அங்கிருந்து அப்பா கையசைத்தார். அவளும் சிரித்துக் கையசைத்தாள். பிறகு போர்வையை மெல்ல விலக்கினாள்.

மனுவில் ஒட்டியிருந்த படத்தை அதிகாரியம்மா கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அதே அகலமான நெற்றி. இடது புருவத்தைப் பிளக்கும் அதே பழைய தழும்பு. சந்தேகமே இல்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. "உங்கம்மாவேதான். இதுக்கு எதுக்கும்மா இத்தனை ஒளிவு மறைவு?" கேமராவை உயர்த்தினார். "அவங்க இறங்க வேண்டாம். நான் சொல்லிக்கிறேன். கண்ணை மட்டும் திறக்கச் சொல்லு, ஒரே நிமிஷம்."

எதிரே சலவைக்காரர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் கையெழுத்திட்ட காகிதம். இன்னொன்றில் மனைவிக்கு வாங்கிய டீ. சிந்திவிடாமல் தம்ளரையே பார்த்து நடந்தார்.

பெண் முகத்திலிருந்த சிரிப்பை மாற்றாமல், உதடு அசையாமல் பேசினாள்.

"அம்மா போய் ஒரு மணி நேரமாச்சு மேடம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது."