வேறு காரணிகள்

அதிகாரி வீதியின் நடுவில் நின்று கத்தினார்.

இரண்டு முகக்கவசம், அதற்குமேல் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு பிளாஸ்ரிக் மறைப்பு. கையில் பதினொரு பக்கப் படிவம். 'பெருந்தொற்றுக் காலத்தில் சிறுதொழில் வருமானத்தைப் பாதிக்கும் காரணிகள்' என்ற தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது.

தேத்தண்ணிக் கடைக்குள் பஸ்ரியன் தனியாகக் கதிரையில் இருந்தான்.

கதவில் தனிமைப்படுத்தல் என்ற சிவப்பு நோட்டீஸ். ஒட்ட வந்தவர் "பஸ்ரியன் ஆர்?" என்று கேட்டபோது, எழும்பி நின்று மரியாதையாக "ஓம் சேர், நான்தான்" என்று சொன்னவன் அவன். பதினாலு நாளுக்கென்று ஒட்டியது. இரண்டு மாதமாகிறது. ஒட்டியவர் இடம் மாறிப் போய்விட்டார். வேறு யார் கிழித்தாலும் குற்றமாம். தாழ்வுபாடு ஊரில் நாய்கூட அந்த வாசலை விலத்தித்தான் போகிறது.

"மூலப்பொருள் தட்டுப்பாடோ?"

"இல்லை சேர். சீனி கிடக்கு. எறும்பு திண்டுகொண்டிருக்கு."

எறும்புக்குக் கட்டம் இல்லை. அதிகாரி 'இல்லை'யில் புள்ளடி போட்டார்.

"வேறு காரணிகள்?"

பஸ்ரியன் வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். புதிதாய்ப் போட்ட ஓலைக் கொட்டிலில் அவன் தங்கச்சி மாக்கிறட், அவன் கொடுத்த பெரிய கேத்திலோடு நின்றாள். அவனிடம் குடித்தவர்கள் எல்லாரும் இப்போது அங்கேதான். தேயிலைச் சாயம் ஊற்றிய கை பாதியில் நின்றது. அவளும் அவனையே பார்த்தாள்.

ஒரு வசனம் போதும். நோட்டீஸ் இன்றைக்கே கழன்றுவிடும்.

ஆனால் குப்பைக்குப் போகாது. அரசாங்க நோட்டீஸ் ஒருநாளும் குப்பைக்குப் போனதில்லை. சரியான கதவைத் தேடிப் போகும்.

"ஒண்டுமில்லை சேர்."

கத்திக் கத்தித் தொண்டை வறண்ட அதிகாரி வீதியைக் கடந்தார். மறைப்பையும் கவசங்களையும் கழற்றினார். "அந்தாளோட அண்டாதேங்கோ தங்கச்சி" என்று புத்தி சொன்னார். தேத்தண்ணி குடித்தார். வந்த கையோடு இன்னொரு படிவத்தை விரித்து, கடைக்காரரின் பேரைக் கேட்டார்.

மாக்கிறட்டின் புருசன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்கு முன் அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனது அவனைத்தான். உடம்பு இன்னும் தேறவில்லை.

"பஸ்ரியன்" என்று தன் பேரைச் சொன்னான்.

அதிகாரி எழுதிக்கொண்டார். யாரும் சொல்லாமலே காரணியையும் எழுதினார்: எதிர்க்கடையில் நோயாளி.