பேரும் நட்சத்திரமும்

அர்ச்சனை வரிசையில் மூன்று பேருக்கு முன்னால் நிற்பவள் தக்சாயினி என்று கண்டதும் தாரிகாவுக்குக் கையிலிருந்த தட்டம் கனத்தது.

முகம் தெரியவில்லை. பின்னலையும் அந்தப் பச்சைக் கைப்பையையும் வைத்தே கண்டுபிடித்தாள். நான்கு வருடமாக ஒரே ரியூசன் நிலையத்தில், அடுத்தடுத்த வகுப்பறைகளில் ஆங்கிலம் படிப்பிப்பவர்களுக்கு முகம் எதற்கு?

திரும்பிப் பார்த்தால் என்ன சொல்வது?

வெளியே மருதனார்மடம் சந்தையின் இரைச்சலுக்குள், கொழும்புக்குப் பிடித்த வாடகை வான் நின்றது. அதற்குள் இரண்டு சூட்கேசும் அம்மா கமலாவதியும். நாளை விடியக் கொழும்பிலிருந்து விமானம். போகிற வழியில் ஆஞ்சநேயருக்கு ஓர் அர்ச்சனை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகப்போகிறார் என்பது அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். முன்னமே சொன்னால் கண்ணூறு படும், காரியம் குழம்பும். கமலாவதி இதில் ஒரு படி மேலே. புதுச் சூட்கேசுகளைக் கடையிலிருந்து படுக்கை விரிப்பால் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"பிளேன் எழும்புமட்டும் ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டப்படாது. முக்கியமா உன்ரை சிநேகிதிக்கு."

முக்கியமாகச் சிநேகிதிக்கு. ஏனென்றால் வியட்நாமில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியர்கள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டுபிடித்தவளே தக்சாயினிதான். இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்தார்கள். பொலிஸ் அறிக்கைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஒரே ஸ்கூட்டியில் அலைந்தார்கள். நேர்முகத்தில் தாரிகா தடுமாறக்கூடாது என்று கேள்வி கேட்டுக் கேட்டுப் பழக்கியவளும் அவள்தான்.

பள்ளிக்கூடம் இருவரையும் எடுத்தது. வேலை விசா ஒருத்திக்குத்தான் வந்தது. போய் இறங்கினால் வதிவிட அனுமதியைப் பள்ளிக்கூடமே எடுத்துக் கொடுக்கும். தக்சாயினியின் விண்ணப்பம் காரணம் சொல்லப்படாமல் திரும்பி வந்தது.

உனக்கு ஏதும் பதில் வந்ததா என்று அவள் கேட்டபோது, இன்னும் இல்லை என்று தாரிகா சொன்னாள். விசா ஒட்டிய கடவுச்சீட்டு அப்போது அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது.

பிறகு ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் தக்சாயினி சும்மா கேட்பதுபோல அவளுடைய நட்சத்திரத்தைக் கேட்டாள். தாரிகாவும் சொல்லிவிட்டாள்.

அதைக் கேள்விப்பட்ட கமலாவதிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தனக்கு விசா கிடைக்காத வயிற்றெரிச்சலில் கேட்டிருக்கிறாள், பேரும் நட்சத்திரமும் கையில் இருந்தால் எந்தச் செய்வினையும் செய்விக்கலாம் என்று புலம்பித் தள்ளினாள்.

தாரிகா அம்மாவை நன்றாக ஏசினாள். ஆனாலும் அதற்குப் பிறகு தக்சாயினி கொண்டுவந்த வடையையோ வாய்ப்பனையோ அவள் வாயில் வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டாள். படித்தவள், ஊருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். வெட்கமாகத்தான் இருந்தது.

வரிசை நகர்ந்தது. தாரிகா தனக்கு முன்னால் நின்ற பருத்த மனிதரின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

மறுபடி விண்ணப்பிக்கப் போவதாகத் தக்சாயினி சொல்லியிருந்தாள். அதற்கு வேண்டத்தான் வந்திருப்பாள். பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பேசாமல் திரும்பிப் போய்விடலாம்தான். ஆனால் அர்ச்சனை செய்யாமல் வானில் ஏறினால் அம்மா கொழும்பு வரைக்கும் அழுதுகொண்டு வருவாள்.

தக்சாயினியின் முறை வந்தது. ஐயர் தட்டத்தை வாங்கினார்.

"வழமையான பேர்தானே, பிள்ளை?"

"ஓம் ஐயா. தாரிகா, திருவாதிரை."

"சனிக்கிழமை தவறாமல் வாறீர். அந்தப் பிள்ளைக்கு இன்னும் விசா வரேல்லையோ?"

"இன்னும் இல்லை ஐயா. பாவம், நல்லா யோசிக்கிறாள். இப்ப ஒழுங்காச் சாப்பிடுறதும் இல்லை."

ஐயர் உள்ளே போனார். மந்திரத்தின் நடுவே தன் பேர் சொல்லப்படுவதைத் தாரிகா கேட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

தக்சாயினி திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, பின்னால் பார்க்காமல் உள்வீதி சுற்றப் போனாள்.

தாரிகாவின் முறை வந்தபோது ஐயர் தட்டத்தை வாங்கிக்கொண்டு பேர் கேட்டார்.

"தக்சாயினி," என்றாள்.

"நட்சத்திரம்?"

இந்த நான்கு வருடத்தில் அதைத் தாரிகா ஒருநாளும் கேட்டதில்லை.

தெரியாவிட்டால் பரவாயில்லை, சுவாமி பேருக்குச் செய்யலாம் என்றார் ஐயர். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். வெளியே வானின் ஹோர்ன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. அம்மாதான் அடிக்கச் சொல்லியிருப்பாள்.

"இல்லை ஐயா. ஆள் உள்வீதியிலைதான் நிக்கிறா. கேட்டுக்கொண்டு வாறன்."