பதினோராவது பெயர்

ஓய்வுபெற்றோர் மன்றத்துச் சுற்றுலா நோட்டில் எல்லாரும் பேனாவால்தான் பெயர் எழுதுவார்கள். தாணுமாலயன் மட்டும் பென்சிலால் எழுதுவார். படுக்கையில் கிடக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல், கிளம்புவதற்கு முந்தின நாள் தானே வந்து அழித்துவிட்டுப் போவார். மூன்று வருடத்தில் ரப்பர்தான் தேய்ந்தது. அவர் ஒருமுறையும் பஸ் ஏறியதில்லை. செயலாளர் தேவசகாயம் அவருக்கென்றே மேசையில் ஒரு பென்சில் வைத்திருந்தார்.

ஒரு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் தேவசகாயம் மன்றத்துக்கு வந்திருந்தார். தாணுமாலயனைக் கண்டதும், "தேக்கடி, ரெண்டு நாளு. பத்துப் பேரு ஆயாச்சு. எழுதும் வே" என்று பென்சிலை நீட்டினார்.

தாணுமாலயன் அதை வாங்கவில்லை.

"பேனா இருந்தா தாரும்" என்றார்.

சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுக்க தேவசகாயத்துக்குக் கை வரவில்லை.