இரண்டு கிண்ணம் சில்லி

"சில்லி?" என்று அமெரிக்கச் சம்பந்தி ராய் கேட்டதும், சில்லென்று இருக்கிறதா என்கிறாராக்கும் என நினைத்துத் தலையாட்டிவிட்டாள் குமுதவல்லி. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஏசி எலும்பு வரை இறங்கியது. உள்ளே அவள் மகளுக்கும் அவர் மகனுக்கும் ஆபரேஷன். விபத்தில் சிக்கியபோது இருவரும் போனது ஒரே காரில். ராய் கொண்டுவந்தது போர்வையை அல்ல, மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட, சில்லி என்ற சூடான குழம்பை. காத்திருந்த பலர் மடியிலும் அதே கிண்ணம்தான். எந்தக் கவலைக்கும் இவர்களுக்கு இதுதான் போலிருக்கிறது. கறியே தொடாதவள், கீழே வைக்க மனம் வராமல் கிளறிக்கொண்டே இருந்தாள். அவரும் கிளறினாரே தவிர ஒரு வாய் வைக்கவில்லை.

"நீங்களாவது சாப்பிடுங்க, சம்பந்தி."

புரிந்ததுபோல் தலையாட்டினார்.

கதவு திறந்தது. இரண்டு ஸ்பூன்களும் நின்றன. வெளியே வந்த நர்ஸ், இரண்டு முகங்களில் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் கிண்ணங்களைப் பார்த்தாள்.